புல் முளைக்கிற வரைக்கும்

"ஜெயிப்பதற்கு உங்களிடம் நீண்ட காலத் திட்டம் ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரு பத்திரிகைக்காரர் என் அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "இருக்கே. ஜெயிக்கிறதுதான் எங்க திட்டம்" என்றார்.

மறுநாள் அது கொட்டை எழுத்தில் வந்தது. ஊரே சிரித்தது. அண்ணன் அந்தப் பக்கத்தை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் அறையில் மாட்டிக்கொண்டார். தன்னைக் கிண்டல் செய்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரியவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது ஒரு கால்பந்து அணி. அப்பா சோப்புத் தொழிற்சாலை நடத்தினார். அதன் பின்பக்கக் காலி இடத்தில் வேலையாட்கள் உதைத்து விளையாடிய பந்துதான் மெல்ல மெல்ல ஒரு அணியாகி, லீக்கில் சேர்ந்து, மேல் பிரிவு வரைக்கும் ஏறியது. எதிர் அணி ரசிகர்களுக்கு நாங்கள் 'சோப்பு'. நாங்கள் தோற்றால் "வழுக்கிடுச்சு" என்பார்கள். ஜெயித்தால் "எல்லாம் நுரை, நாளைக்கு அடங்கிடும்" என்பார்கள். அடங்கியும் விடும். அதுதான் எரிச்சல்.

அப்பா போன பிறகு அணி எங்கள் மூன்று பேருக்கும் சமமாக வந்தது. அண்ணன் தலைவர். அக்கா வக்கீல். கடைசி நான், பல் டாக்டர். பயிற்சியாளரை வைப்பதும் எடுப்பதும் மட்டும் மூன்று பேரும் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும், இரண்டு கை இருந்தால் போதும் என்பது அப்பா வைத்த ஏற்பாடு. அதனால் எங்கள் அணியின் தலையெழுத்து எந்த ஆபீசிலும் எழுதப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தட்டுகளை எடுத்த பிறகு, கழுவிய கையின் ஈரம் காய்வதற்குள் எழுதப்பட்டுவிடும்.

அண்ணன் கை முதலில் எழும்பும். அவர் கை எழும்பினால் அக்கா கை எழும்பாது. அவர் மழை என்றால் அவள் வெயில் என்பாள். இருவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம், சின்ன வயதில் ஒரே சைக்கிளுக்கு அடித்துக்கொண்டவர்கள். ஆகவே மூன்றாவது கைதான் கணக்கு. அது என் கை. பெரும்பாலும் அண்ணனோடு சேர்ந்தே எழும்பியது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு அண்ணிக்குத்தான் கஷ்டம்.

வருகிற பயிற்சியாளரின் பெயரை நாக்குப் பழகுவதற்குள் அவர் போய்விடுவதால், எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்வதில்லை. இரண்டாவது நல்ல மனிதர், நாலாவது கத்துவார், ஆறாவதுக்குச் சர்க்கரை வியாதி. இப்படித்தான் பேசுவோம். நான் சொல்ல வருவது ஏழாவதைப் பற்றி.

அணியில் எல்லாருக்கும் பல் வைத்தியம் என்னிடம்தான். முதலாவது தொடங்கி ஆறாவது வரை எல்லார் வாயிலும் நான் போட்ட தற்காலிக அடைப்பு இருக்கிறது. ஒருவருக்காவது வேலையை முடித்து அனுப்பினேனா என்றால் இல்லை. அடுத்த தடவை வருவதற்குள் ஆளே ஊரில் இருக்கமாட்டார்.

ஏழாவது வந்தபோது கடைவாய்ப்பல்லில் வேர் வரைக்கும் சொத்தை. அதிகம் பேசாத மனிதர். வலியைக்கூட அரைகுறையாகத்தான் சொன்னார்.

"வேர் சிகிச்சை பண்ணிப் பல்லைக் காப்பாத்திடலாம் சார். ஆனா மூணு நாலு தடவை வரணும்" என்றேன்.

"இப்போதைக்கு வலி நிக்கிற மாதிரி ஏதாவது பண்ணிவிடுங்க டாக்டர். அடுத்த தடவைக்கு நான் இருப்பேனான்னு தெரியலை."

ஊசி போட்டு, வாய் மரத்துப்போவதற்காகக் காத்திருந்தோம். பாதி மரத்த வாயோடு, குழறிக் குழறி, அவரே ஒன்று கேட்டார். "டாக்டர், பொண்ணை இங்க ஸ்கூல்ல சேர்க்கலாமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. மனைவியும் மகளும் வேறு ஊரில் இருக்கிறார்கள். இவர் தொழிற்சாலைக்கு எதிர்ச் சந்தில் ஒற்றை அறையில் இருக்கிறார். பெட்டியைத் திறப்பார், சட்டையை எடுப்பார், மூடிவிடுவார். அலமாரியில் எதையும் அடுக்கவே இல்லை. வீட்டில் தினமும் இதே கேள்விதான் என்றார். மகள் படிப்புக்கு என்ன வழி என்று ஒரு மனிதர் பல் டாக்டரிடம் வந்து கேட்கிறார், ஏனென்றால் அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கையைத் தூக்குகிறவள். எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. "பார்க்கலாம் சார்" என்று மழுப்பி அனுப்பினேன்.

என் அண்ணன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தோல்வி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். சோப்பில் ஒரு வாசனை விற்கவில்லை என்றால் அடுத்த மாதமே வேறு வாசனை போட்டுவிடுவார். அது பலித்தது. அப்பா காலத்தைவிடத் தொழிற்சாலை பெரிதாகிவிட்டது. ஒரு இடத்தில் பலித்த கை எல்லா இடத்திலும் பலிக்கும் என்று நம்பிவிட்டார். ஆனால் சோப்புக்கு நேற்று எந்த வாசனையில் இருந்தோம் என்று ஞாபகம் இருக்காது. பதினொரு பையன்களுக்கு இருக்கும்.

அவர்களைவிட மைதானத்துக்கு ஞாபகசக்தி அதிகம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஐந்தாவது வந்ததும், "மைதானத்தைக் கொஞ்சம் குறுக்கணும். இடம் குறைஞ்சா எதிராளி ஓட முடியாது" என்றார். அகலத்தை ஓரளவு கூட்டவும் குறைக்கவும் ஆட்ட விதியில் இடம் உண்டு. பக்கக் கோட்டை உள்ளே தள்ளி வரைந்தார்கள். முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான் நம்ம திட்டம், இனி மாத்தமே கிடையாது" என்று மேசையைத் தட்டினார். சுண்ணாம்புக் கோடு அழிந்து அழிந்து போகிறதே, இது நிலைத்து நிற்க வேண்டும் என்று, களைக்கொல்லி மருந்தை வாங்கிவந்து, தானே முன்னால் நின்று, கோட்டின் நீளம் முழுக்க ஊற்றவைத்தார். ஒரு தடவை ஊற்றினால் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் பல தடவை ஊற்றினார். கோடு நெடுக ஒரு சாண் அகலத்துக்குப் புல் செத்து, மண் வெளுத்துவிட்டது. அதன்மேல் வெள்ளை அடித்தார்கள். நிலையான கோடு.

கோடு நிலைத்தது. ஐந்தாவதுதான் நிலைக்கவில்லை. அதே பருவத்தில் தொடர்ந்து தோற்றோம், கைகள் எழும்பின, போய்விட்டார். ஆறாவது வந்து, "மைதானம் அகலமா இருந்தாத்தான் என் ஆட்டம்" என்றார். கோடு மறுபடியும் நாலு எட்டு வெளியே போனது. செத்த கோடு மட்டும் உள்ளேயே கிடந்தது. போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று அண்ணன் அதன்மேல் பச்சைச் சாயம் அடிக்கச் சொன்னார். இது என்ன என்று கேட்ட ரெஃப்ரியிடம் "புல்லுக்கு ஏதோ சீக்கு சார்" என்று கூசாமல் சொன்னார்.

ஏழாவது எந்தக் கோட்டையும் மாற்றச் சொல்லவில்லை. இருப்பதை வைத்து ஆடவைத்தார். கொஞ்சம் ஜெயித்தோம், நிறையத் தோற்றோம், கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால்கூட மேல் பிரிவில் தங்கிவிடலாம் என்ற நிலையில் வந்து நின்றோம்.

அன்றைக்கு மழை. பச்சைச் சாயம் கரைந்து ஓடியது. வெளிக்கோட்டின் வெள்ளையும் பாதிக்கு மேல் கரைந்தது. உள்ளே இருந்த செத்த கோடு மட்டும் வெளேரென்று பளிச்சிட்டது. மேடையில் குடைக்குள் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதெல்லாம் தெரியவில்லை. சமனில்தான் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. முடிகிற நேரத்தில் எதிராளி ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் இடது பக்கமாக ஓடிவந்தான். அவனை மறித்து ஓடியவன் எங்கள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அவனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'தபால்'. அவன் அடிக்கிற பந்து சரியான ஆளுக்குத்தான் போகும், ஆனால் தாமதமாகப் போகும். தபால் நன்றாகத்தான் விரட்டினான். திடீரென்று நின்றான். பந்து வெளியே போய்விட்டது, எங்களுக்குத்தான் த்ரோ என்பதுபோல ஒரு கையைத் தூக்கினான். எதிராளி நிற்கவில்லை. அந்த நாலு எட்டு இடத்தில் தனியாக ஓடி, பந்தை நடுவில் தூக்கிப் போட்டான். கோல். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

"அவன் ஏன் கையைத் தூக்கினான்? நாம வீட்டுல தூக்குறது போதாதா?" என்று அக்கா கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

நான் கீழே இறங்கிப் போனேன். உடை மாற்றும் அறை வாசலில் தபால் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். கல்யாண வயதுப் பையன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பந்து வெளியதானே டாக்டர் போச்சு? நான் கண்ணால பார்த்தேன்" என்றான். கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப் போய்க் காட்டினான். அவன் காட்டியது உள்ளே கிடந்த செத்த கோட்டை. அவன் பொய் சொல்லவில்லை. அவன் எங்கள் அணிக்குள் வந்தது ஐந்தாவது காலத்தில். அவன் கால் பழகிய கோடு அது.

அந்தப் பக்கம் ஏழாவது பத்திரிகைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "பையன் மேல தப்பு இல்லை. நான்தான் சரியாப் பழக்கலை" என்றார். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் அண்ணன் மானம் கப்பலேறியிருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் உற்சாகமாக வந்தார். தோற்ற கவலை அவருக்கு அடுத்த ஆள் கிடைக்கிற வரைக்கும்தான்.

"எட்டாவது கார்ல இருக்கார்" என்றார், உட்காரும்போதே.

"கார்லயா? இந்த வெயில்லயா?" அக்கா எழுந்துவிட்டாள். "உள்ள கூப்பிட வேண்டியதுதானே?"

"முடிவு ஆகாம எப்படி? நல்லா இருக்காது."

"ஆளைக் கூட்டிட்டு வந்து கார்ல பூட்டி வெக்கிறது மட்டும் நல்லா இருக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா ஒரு தட்டில் சாப்பாடு போட்டு வாசலுக்கு அனுப்பினாள்.

சாப்பிட்டு முடித்தோம். அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏழாவது நல்ல மனுஷன்தான். ஆனா கீழ இறக்கிவிட்டுட்டார். எட்டாவது கெட்டிக்காரர். மைதானம் குறுகலா இருக்கணுமாம், அது ஒண்ணுதான் கேட்டார். நமக்கு வசதியாப் போச்சு பாரு, பழைய கோடு அப்படியே இருக்கு. மேல வெள்ளை அடிச்சாப் போதும். நோகாம வேலை முடிஞ்சுது."

கையைத் தூக்கினார். அக்கா வழக்கம்போலத் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நோகாமவா?" என்றேன். "யாருக்கு நோகாம அண்ணா?"

"என்ன பாப்பா?" எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"கையை இறக்குங்க. மைதானத்துக்குப் போயிட்டு வந்து தூக்கலாம். எல்லாரும் வாங்க."

காரில் ஏறினோம். முன் சீட்டில் எட்டாவது மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைதானம் வரைக்கும் அப்படியே வந்தார். பாவம், அவரைச் சொல்லி என்ன குற்றம்.

மழைக்குப் பிறகு புல் எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. நடுவே அந்தச் செத்த கோடு ஓடியது. அதன்மேல் அண்ணனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "தபால் இங்கதான் நின்னான்" என்றேன்.

"அவனுக்கு என்ன கண்ணு குருடா? வெளிக்கோடு தெரியலையாமா?"

"கண்ணு நல்லாத் தெரிஞ்சதாலதான் நின்னான். மழையில அந்தக் கோடு கரைஞ்சு போச்சு. நீங்க போட்டது கரையலை."

அண்ணன் கோட்டைக் காலால் தேய்த்துப் பார்த்தார். மண் பொருக்காக உதிர்ந்தது.

"ஒவ்வொருத்தரா மாத்தறோம். மாத்தினவங்க எல்லாரும் போயிட்டாங்கன்னு நினைச்சுக்கறோம்" என்றேன். "யாரும் போகலை அண்ணா. ஐந்தாவது இங்கயேதான் படுத்திருக்கார். நேத்து அவர்தான் நம்மளைக் கவுத்தார். இப்ப எட்டாவதைக் கொண்டுவந்து இதே கோட்டுல நிறுத்தி, அடுத்த வருஷம் ஒன்பதாவதை வெச்சு அகலமாக்கி… என் கிளினிக்குக்கு வர்ற ஒருத்தருக்காவது நான் பல்லு வேலையை முடிச்சு அனுப்பியிருக்கேனா? வேருல சீக்கு இருக்கறவங்களுக்கு மேல அடைச்சு அடைச்சு அனுப்பிட்டு இருக்கேன். நீங்களும் அதேதான் பண்றீங்க."

"அப்ப ஏழாவதை வெச்சா ஜெயிச்சுடுவோமா? எழுதித் தர்றியா?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. ஏழாவது சுமாரான ஆளாகக்கூட இருக்கலாம். பொறுமையும் ஒரு விதச் சூதாட்டம்தான், கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று கடைசியில்தான் தெரியும். ஆனால் நாங்கள் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்ததே இல்லையே.

"எழுதித் தரமாட்டேன்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் கோட்டுல புல் முளைக்கிற வரைக்கும் யாரையும் மாத்தக் கூடாது. முளைச்சப்புறம் உங்க இஷ்டம்."

அண்ணன் கண்ணில் வியாபாரி எட்டிப் பார்த்தான். புல்தானே, ஒரு மாதத்தில் முளைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார். "கோடு முழுக்கவா?"

"முழுக்க. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும்."

"சரி" என்று கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அதிசயமாக அக்காவும் தூக்கினாள். "முழுக்கன்னா முழுக்க. ஒரு சாண் மொட்டையா இருந்தாலும் ஒப்பந்தம் நிக்கும். பின்னாடி பேச்சு மாறக் கூடாது" என்று வக்கீல் குரலில் சொன்னாள்.

எட்டாவது காருக்குப் பக்கத்தில் காலித் தட்டோடு நின்றிருந்தார். "அப்ப நான்?" என்றார்.

"ஒரு மாசம் பொறுங்க" என்றார் அண்ணன்.

மைதானப் பராமரிப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அண்ணன் முகம் மாறியது. "இது வெறும் புல்லு சாகலைங்க, மண்ணே செத்துக் கிடக்கு. தோண்டி எடுத்துட்டு வேற மண்ணு போடணும். அப்பவும் மருந்து கசிஞ்சு வந்து வந்து கருக்கும். ஒரு வருஷம் ஆனாலும் ஆகும்" என்றார் அவர். எட்டாவது தட்டைக் கார் மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அன்று மாலையே ஏழாவதுக்கு போன் செய்தேன். "பொண்ணை ஸ்கூல்ல சேர்த்துடுங்க சார்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"புல் முளைக்கிற வரைக்கும்."

கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். விளக்கிச் சொன்னேன். முதல் தடவையாக அவர் சிரித்துக் கேட்டேன். அடுத்த வாரம் பல்லுக்கும் வந்தார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புல் சீக்கிரம் முளைத்தால்தான் ஆளை மாற்ற முடியும் என்பதால், அண்ணன் தினமும் காலையில் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். மண் மாற்றும்போது கூடவே நின்றார். விதை தூவியதும் குருவிகள் கொத்தாமல் இருக்கக் குடையை வைத்துக்கொண்டு கத்தி விரட்டினார். தொழிற்சாலையிலிருந்து கையெழுத்து வாங்க வருகிறவர்கள் கோடியிலிருந்து கோடி வரை அவர் பின்னால் நடந்தார்கள். "வீட்டுல ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினதில்லை, அங்க போய்க் காவல் காக்கறார்" என்று அண்ணி என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அங்கே நின்றதால் பயிற்சியும் அவர் கண்ணில் பட்டது. இத்தனை வருடத்தில் அண்ணன் ஆட்டம் பார்த்திருக்கிறாரே தவிரப் பயிற்சி பார்த்ததில்லை.

"பாப்பா, இவர் தபாலை தினமும் ஒரே ஓட்டத்தைத்தான் ஓட வெக்கறார். அதையே எதுக்கு?" என்று போன் செய்தார்.

"அவரையே கேளுங்க."

கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் போனில் வந்தது வேறு குரல். "பாப்பா, அந்தப் பையனுக்கு அந்த இடத்துக்கு வந்தா இன்னும் கால் நிக்குதாம். அதைப் போக்கத்தான் ஓட வெக்கறாராம்." பிறகு அவரே, "நான் போட்ட கோடு அவன் காலுக்குள்ள இருக்கு" என்றார். அவர் குரல் உடைந்ததை நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள், நான் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது விடாமல் அடித்தார். "பாப்பா! இன்னிக்குத் தபால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்!" என்று கத்தினார். நாற்காலியில் இருந்தவர் பயந்துபோய்விட்டார்.

கீழ்ப் பிரிவில் நாங்கள் பிரமாதமாக ஒன்றும் ஆடிவிடவில்லை. தடுமாறினோம், எழுந்தோம், பருவத்தின் பின்பாதியில் மேலே ஏறுகிற இடத்துக்கு அருகில் வந்தோம். அப்புறம் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றோம். எங்கள் வீட்டில் மூன்று தோல்வி என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் புல்லும் தேறியிருந்தது.

சனிக்கிழமை அக்கா கூப்பிட்டாள். "கோடு பச்சையாயிடுச்சாமே. நாளைக்கு அவன் கை தூக்குவான்டி. நீ என்ன பண்ணப் போறே?"

"தெரியலைக்கா."

சற்று நேரத்தில் ஏழாவதும் கூப்பிட்டார். திங்கட்கிழமை அவர் பல்லுக்கு உறை போட்டு வேலையை முடிப்பதாக இருந்தது. "திங்கட்கிழமை வரலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது பல்லைப் பற்றி அல்ல. பின்னால் அவர் மகள் ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு இங்கே சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள் என்று போன தடவைதான் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் மைதானத்துக்குப் போனேன். நானே கண்ணால் பார்த்துவிடலாம், எங்கேயாவது ஒரு துளி மொட்டையாக இருக்காதா என்ற நப்பாசை. ஒரு கோடியிலிருந்து நடந்து போனேன். புல் ஒழுங்காக முளைத்திருந்தது. கோடு இருந்த இடமே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டியதற்கு எரிச்சல் வந்தது.

அந்தப் பக்கத்துக் கோடியில், மூலைக் கொடியருகே, யாரோ மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போனேன். அண்ணன். நல்ல சட்டை போட்டு, கால்சட்டை முழங்காலெல்லாம் மண்ணாக, குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா பண்றீங்க?"

தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். "களை" என்றார். "களை எடுக்கறேன்."

அவர் கையைப் பார்த்தேன். பக்கத்தில் சின்னக் குவியலாகக் கிடந்ததையும் பார்த்தேன். இளம் பச்சையில், நூல் நூலாக. அவர் இத்தனை மாதம் குருவி விரட்டி வளர்த்த புல்.

"இது களை இல்லையே அண்ணா."

அவர் எழுந்திருக்கவில்லை. பிடுங்கிய இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பிடிபட்ட சின்னப் பையன்போல உட்கார்ந்திருந்தார்.

"மூணு தோத்தாச்சு பாப்பா" என்றார் கடைசியில். "ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லை. எட்டாவது நேத்து போன் பண்ணினார், இன்னும் எங்கயும் சேரலையாம். எனக்கு என்னைத் தெரியாதா? இன்னிக்குச் சாப்பிட்டு எழுந்ததும் என் கை தானா எழும்பும். நிறுத்த எனக்குத் தெரியலை." மண்ணைத் தடவினார். "இங்க மட்டும் முளைக்கலைன்னா தூக்க முடியாதுல்ல?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடமாக இவரை எந்தத் திட்டமும் இல்லாத மனிதர் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த அண்ணன், தன் கையைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ள மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் பிடுங்கியிருந்த இடத்தைப் பார்த்தேன். நுனியை நுனியைக் கிள்ளியிருந்தார். வேர் அப்படியே இருந்தது.

"தள்ளுங்க" என்று நானும் மண்டியிட்டேன். "இப்படிக் கிள்ளினா நாலு நாள்ல மறுபடி வந்துடும். வேரோட எடுக்கணும். பிடுங்கறது என் தொழில்."

அக்கா வீட்டுக்குத் தாமதமாகத்தான் போனோம். சாப்பிட்டு, தட்டுகளை எடுத்தபின் அக்கா நேராக உட்கார்ந்தாள். "சரி. புல் முளைச்சாச்சா?"

"எல்லாம் முளைச்சாச்சு" என்றார் அண்ணன். "மூலைக் கொடிகிட்ட மட்டும் ஒரு சாண் பாக்கி."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ பார்த்தியா?"

"பார்த்தேன்கா. மொட்டையாத்தான் இருக்கு."

அவள் வக்கீல். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த எங்கள் கைகளைப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு முன் கழுவியும் நகக்கண்ணில் மண் இருந்தது.

"ஒப்பந்தம் நிக்குது" என்றாள். "ரெண்டு பேரும் போய் நல்லாச் சோப்பு போட்டு மறுபடி கை கழுவிட்டு வாங்க."

குழாயடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அண்ணன் எங்கள் சோப்பை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, அந்தப் பத்திரிகைக்காரர் மறுபடி வந்து நீண்ட காலத் திட்டம் இருக்கான்னு கேட்டா என்ன சொல்றது? போன தடவை மாதிரி மறுபடி ஊர் சிரிக்கக் கூடாது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

"இருக்குன்னு சொல்லுங்க அண்ணா. எந்த மூலையில இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் நகத்தைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினார். நான் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொல்ல ஏழாவதுக்கு போன் செய்தேன்.